கோல் 80% காட்டுது, பேங்க்ல எவ்ளோ இருக்கு? ஏஐ ஏஜென்ட் வச்சு கோல் அப்டேட் பண்றவங்க கவனிக்க வேண்டியது



இந்த தடவை ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். தப்பு பண்ணது வேற யாரும் இல்ல, நான்தான். ஊருக்கெல்லாம் கணக்கு பார்க்கிற சிஏ, சொந்த வீட்டுக் கணக்குல 1,35,000 ரூபாய் கோட்டை விட்ட கதை இது.

எங்க வீட்டுல ஒரு கோல் ஓடிட்டு இருக்கு. வீடு வாங்க டவுன் பேமென்ட் 18,00,000 ரூபாய், 36 மாசத்துல சேர்க்கணும். ஆபீஸ்ல ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் யூஸ் பண்ணிப் பழகினதால, வீட்டுக்கும் அதே மாதிரி ஒரு டூல்ல தனி அக்கவுண்ட் போட்டு, இதை ஒரு கோலா வச்சிருந்தோம். மாசாமாசம் 45,000 போடுவோம். 20,000 ஆர்டி, 25,000 லிக்விட் ஃபண்ட் எஸ்ஐபி. ஏற்கனவே இருந்த எஃப்டி தனி. போனஸ் வந்தா அதுல கொஞ்சம். முன்னாடி நானே உள்ள போய் நம்பர் மாத்துவேன். அப்புறம் ஒரு ஏஐ ஏஜென்ட்டை அந்த டூலோட இணைச்சேன். "இந்த மாசம் 45,000 போட்டாச்சு, வீட்டு கோலை அப்டேட் பண்ணு"ன்னு ஒரு வரி. முடிஞ்சது.

26-ஆவது மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில என் கணவர் போர்டைத் திறந்து பார்த்துட்டு, "80% தாண்டிடுச்சு, அந்த ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் செக் எழுதிடலாமா?"ன்னு கேட்டார். எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருந்துச்சு: 80%, அதாவது 14,40,000 வந்ததும் புக் பண்ணலாம், மீதியை அக்ரிமென்ட் முடியறதுக்குள்ள சேர்த்துடலாம். போர்டுல 14,50,000, பச்சை கலர்ல பளிச்சுன்னு நிக்குது. அட்வான்ஸ் 2,00,000.

செக் எழுதறதுக்கு முன்னாடி, பழக்க தோஷத்துல, ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்து வச்சேன். எஃப்டி 7,00,000. ஆர்டி 3,20,000. லிக்விட் ஃபண்ட் 2,95,000. கூட்டினா 13,15,000. (புரியறதுக்காக ரவுண்ட் பண்ணி சொல்றேன்.) அதாவது 73%.

வித்தியாசம் 1,35,000. ஆர்ட்டிகிள்ஷிப்ல முதல் வாரமே சொல்லிக் கொடுப்பாங்க: ரெண்டு கணக்குக்கு நடுவுல வித்தியாசம் வந்தா, அது ஏதாவது ஒரு என்ட்ரியோட மடங்கான்னு முதல்ல பாரு. 1,35,000 = 45,000 × 3. மூணு மாசத்து பணம் ரெண்டு ரெண்டு தடவை ஏறியிருக்கு.

அன்னைக்கு செக் எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அக்ரிமென்ட் நேரத்துல 1,35,000 குறையும். வேற வழியில்லாம பர்சனல் லோன் போயிருப்போம். 14% வட்டி, 24 மாசம்னு வச்சுக்கிட்டா இஎம்ஐ சுமார் 6,480. மொத்த வட்டி 20,500 ரூபாய்க்கு மேல. அதோட, புது வீட்டு லோன் இஎம்ஐ மேல இது இன்னொரு இஎம்ஐ.

ஏஜென்ட் யூஸ் பண்ணாதீங்கன்னு சொல்ல நான் வரல. நான் இன்னும் யூஸ் பண்றேன். எப்படி யூஸ் பண்ணா இந்த மாதிரி ஆகாதுன்னு பார்க்கலாம் வாங்க.

முதல்ல, ஏஜென்ட் உள்ள என்ன பண்ணுது?

சாதாரண ஏஐ சாட் கேள்விக்கு பதில் சொல்லும், அவ்ளோதான். ஏஜென்ட் அதுக்கு மேல ஒரு படி போய், வேற சாஃப்ட்வேர் உள்ள போய் வேலை செய்யும். அதுக்கு அந்த சாஃப்ட்வேரோட ஒரு இணைப்பு வேணும். இப்ப பரவலா பேசப்படுற எம்சிபி, அதாவது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், அந்த இணைப்புக்கான ஒரு பொது முறை. ஆந்த்ராபிக் கம்பெனி 2024 நவம்பர்ல வெளியிட்டது. இப்ப நிறைய சாஃப்ட்வேர்கள் இதை ஏத்துக்கிட்டிருக்கு.

நீங்க "கோலை அப்டேட் பண்ணு"ன்னு சொன்னதும் மூணு வேலை நடக்கும்.

1. தேடுறது: உங்க அக்கவுண்ட்ல இருக்கிற கோல் லிஸ்ட்டை எடுத்து, நீங்க சொன்ன பேருக்கு எது பொருந்துதுன்னு பார்க்கும். ஒவ்வொரு கோலுக்கும் உள்ள ஒரு ஐடி நம்பர் இருக்கும், அதை எடுத்துக்கும்.

2. படிக்கிறது: அந்த கோல்ல இப்ப என்ன நம்பர் இருக்கு, டார்கெட் என்ன, தேதி என்னன்னு பார்க்கும்.

3. எழுதறது: புது நம்பரை உள்ள அனுப்பும்.

இந்த மூணாவது வேலைலதான் விஷயம் இருக்கு. அசானாவை எடுத்துக்கோங்க. அதுல ஒரு கோலுக்கு ஆரம்ப மதிப்பு, இலக்கு மதிப்பு, தற்போதைய மதிப்புன்னு மூணு நம்பர் இருக்கும். ஏஜென்ட் மாத்துறது தற்போதைய மதிப்பை. கிளிக்அப்ல கோலுக்குள்ள டார்கெட்டுகள் இருக்கும், அதுலயும் "இப்ப எங்க நிக்குது"ங்கிற நம்பரைத்தான் மாத்தறோம். ரெண்டுலயும் சாஃப்ட்வேர் எதிர்பார்க்கிறது மொத்தத் தொகையை. "இதோட இவ்ளோ கூட்டு"ங்கிற கூட்டல் வேலையை அது செய்யறதில்ல.

நான் குடுத்ததோ "45,000 போட்டாச்சு". அப்ப கூட்டலை யார் பண்ணாங்க? ஏஜென்ட். பழைய நம்பரைப் படிச்சு, 45,000 கூட்டி, புது மொத்தத்தை எழுதுச்சு.

தப்பு நடந்த இடம்: என்ட்ரி வேற, பேலன்ஸ் வேற

ஒரு மாசம் நெட் ஸ்லோ. ஏஜென்ட் நம்பரை எழுதிடுச்சு, ஆனா "எழுதியாச்சு"ங்கிற பதில் திரும்பி வர்றதுக்குள்ள டைம் முடிஞ்சு போச்சு. அது ஃபெயில் ஆயிடுச்சுன்னு நினைச்சு திரும்ப முயற்சி பண்ணுச்சு. திரும்ப கோலைப் படிச்சப்ப அங்க இருந்தது ஏற்கனவே கூட்டின நம்பர். அதோட இன்னொரு 45,000.

மத்த ரெண்டு மாசம் முழுக்க என் தப்பு. ஃபோன்ல சொல்லிட்டு, சொன்னோமா இல்லையான்னு சந்தேகத்துல லேப்டாப்ல மறுபடி சொல்லியிருக்கேன். அது பாவம், சொன்னதைச் செஞ்சுச்சு.

இதுல எல்லா சம்பளக்காரங்களுக்கும் ஒரு அடிப்படை பாடம் இருக்கு. 45,000ங்கிறது ஒரு என்ட்ரி. 13,15,000ங்கிறது ஒரு பேலன்ஸ். என்ட்ரியை ரெண்டு தடவை போட்டா கணக்கு கெட்டுடும். பேலன்ஸை பத்து தடவை எழுதினாலும் அதே பேலன்ஸ்தான்.

அதனால முதல் ரூல்: ஏஜென்ட்டுக்கு எப்பவும் பேலன்ஸை குடுங்க. "இவ்ளோ போட்டேன்"னு சொல்லாதீங்க. "இந்த தேதியில இவ்ளோ இருக்கு"ன்னு சொல்லுங்க.

இப்படி மாத்தினதும் இன்னொரு நன்மை தானா வந்துடுது. "இவ்ளோ இருக்கு"ன்னு சொல்லணும்னா நீங்க ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்த்தே ஆகணும். "போட்டேன்"னு சொல்றதுக்கு எதையும் பார்க்க வேண்டாம். ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆன மாசத்துலகூட நாம "போட்டாச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம்.

நம்பரை எழுதற விதத்துலயும் கவனம். "13.15 லட்சம்"னு குடுத்து, அது வெறும் 13.15ன்னு போய் உட்கார்ந்தா கோல் பூஜ்யம் காட்டும். நம்ம ஊர் கமா போடுற முறையும் சாஃ்ட்வேர்கள்ல இருக்கிற முறையும் வேற. கமா இல்லாம 1315000ன்னு முழுசா குடுத்துடுங்க. எண்ணிப் பார்த்து ஏழு இலக்கம் இருக்கான்னு பாருங்க.

எந்த நம்பர் சரியான நம்பர்?

ஏஜென்ட் சரியா எழுதினாலும், நாம குடுக்கிற நம்பரே தப்பா இருந்தா? சம்பளக்காரங்க வழக்கமா தடுக்கி விழற மூணு இடம் சொல்றேன்.

*இபிஎஃப் பாஸ்புக்.* ரிட்டயர்மென்ட் கோலுக்கு பாஸ்புக்கை அப்படியே ஏஜென்ட்கிட்ட குடுத்து "கூட்டு"ன்னு சொன்னா, அது மூணு காலத்தையும் கூட்டிட வாய்ப்பு இருக்கு: உங்க பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன் பங்கு. மூணாவது காலம் இபிஎஸ்ஸுக்குப் போறது. பிற்காலத்துல பென்ஷன் ஒரு ஃபார்முலாப்படி வரும், அந்தக் காலத்துல இருக்கிற தொகை உங்க பிஎஃப் பேலன்ஸ்ல சேராது.

பேசிக் 40,000ன்னு வச்சுக்கோங்க. உங்க பங்கு 12%, அதாவது 4,800. கம்பெனியும் 4,800 போடுது. ஆனா நீங்க இபிஎஸ் மெம்பரா இருந்தா, கம்பெனி பங்குல இருந்து 15,000 ரூபாய் வரம்புக்கு 8.33%, அதாவது 1,250 பென்ஷனுக்குப் போயிடும். பிஎஃப்ல ஏறுறது 4,800 + 3,550 = 8,350. மூணு காலத்தையும் கூட்டினா 9,600. மாசம் 1,250 வித்தியாசம், வருஷத்துக்கு 15,000. பத்து வருஷம் இப்படியே அப்டேட் பண்ணா 1,50,000 ரூபாய் இல்லாத பணம் உங்க கோல்ல பச்சையா நிக்கும்.

*மியூச்சுவல் ஃபண்ட்.* நீங்க போட்ட தொகையா, இன்னைக்கு மார்க்கெட் மதிப்பா? ஒரு மாசம் இது, ஒரு மாசம் அதுன்னு குடுத்தா கோல் குதிச்சுக் குதிச்சு விளையாடும். மார்க்கெட் மதிப்பை எடுங்க, ஏன்னா நாளைக்கு வித்தா கைக்கு வர்றது அதை வச்சுத்தான். கோல் தேதி பக்கத்துல வந்தா வரியையும் கழிங்க. ஈக்விட்டி ஃபண்டை 12 மாசத்துக்கு மேல வச்சு வித்தா, ஒரு நிதியாண்டுல 1,25,000 ரூபாய்க்கு மேல வர்ற லாபத்துக்கு 12.5% வரி, 2024 ஜூலை 23-ல இருந்து இந்த விகிதம். 2023 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வாங்கின லிக்விட் ஃபண்ட் மாதிரியான கடன் ஃபண்டுகளோட லாபம் உங்க ஸ்லாப்படி வரிக்கு வரும். எஃப்டி வட்டியும் அப்படித்தான்.

*எமர்ஜென்சி ஃபண்ட்.* மாசச் செலவு 35,000னா ஆறு மாசத்துக்கு 2,10,000 டார்கெட். அதுல 80,000 ரூபாய் இஎல்எஸ்எஸ்ஸையும் சேர்த்துக் காட்டறவங்க இருக்காங்க. இஎல்எஸ்எஸ்ஸுக்கு மூணு வருஷ லாக்-இன். வேலை போன மாசம் அதை எடுக்க முடியுமா? முடியாதுன்னா அது எமர்ஜென்சி ஃபண்ட் இல்ல. இந்த வித்தியாசத்தை ஏஜென்ட்டா யோசிச்சு சொல்லும்னு நம்பாதீங்க, கோல் எழுதும்போதே நீங்க எழுதி வைக்கணும்.

அதனால ரெண்டாவது ரூல்: ஒவ்வொரு கோலோட விளக்கப் பகுதியிலயும் "இதுல எது சேரும், எது சேராது"ன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. எங்க வீட்டு கோல்ல இப்ப இப்படி இருக்கு: "எஃப்டி அசல் + ஆர்டில கட்டின தொகை + லிக்விட் ஃபண்ட் மாசக் கடைசி மதிப்பு. நகை, பிஎஃப், எமர்ஜென்சி ஃபண்ட் சேராது." ஏஜென்ட் கோலைப் படிக்கும்போது இதையும் படிக்கும். ஆறு மாசம் கழிச்சு நீங்களே மறந்து போனாலும் இது ஞாபகப்படுத்தும்.

எழுதறவர் ஒருத்தர், பார்க்கிறவர் ஒருத்தர்

பேங்க்ல ஒரு பெரிய தொகை மாத்தணும்னா ஒருத்தர் என்ட்ரி போடுவார், இன்னொருத்தர் சரிபார்த்து அனுமதி குடுப்பார். மேக்கர்-செக்கர்னு சொல்வோம். ஏஜென்ட் மேக்கர், நீங்க செக்கர். ரெண்டு வேலையையும் அதுகிட்டயே குடுத்துடாதீங்க.

நிறைய ஏஜென்ட்கள்ல, எழுதற வேலைக்கு முன்னாடி உங்க அனுமதி கேட்கிற வசதி இருக்கு. அவசரத்துல "எப்பவும் அனுமதி"ன்னு ஒரு தடவை அழுத்திட்டா அப்புறம் கேட்காது. படிக்கிறதுக்கு அப்படி விடலாம். எழுதறதுக்கும் அழிக்கிறதுக்கும் ஒவ்வொரு தடவையும் கேட்கிற மாதிரி வைங்க.

இப்ப நான் குடுக்கிற கட்டளை இதுதான். காப்பி பண்ணிக்கலாம்:

"'வீடு – டவுன் பேமென்ட்' கோலை மட்டும் எடு. இதே மாதிரி பேர்ல வேற கோல் இருந்தா நிறுத்திட்டு என்னைக் கேளு. இப்ப இருக்கிற மதிப்பு, நான் சொல்ற புது மதிப்பு, வித்தியாசம், புது சதவீதம் நாலையும் காட்டு. புது மதிப்பு 1315000, ஆகஸ்ட் 31 நிலவரம். கூட்டாதே, இந்த எண்ணையே வை. நான் 'சரி'ன்னு சொன்ன பிறகு மட்டும் எழுது. எழுதின பிறகு கோலை மறுபடி படிச்சு என்ன நம்பர் இருக்குன்னு சொல்லு. ஏதாவது பிழை வந்தா திரும்ப எழுதாதே, முதல்ல படிச்சுப் பார்த்துட்டு சொல்லு."

கடைசி ரெண்டு வரிதான் முக்கியம். "பண்ணிட்டேன்"னு ஏஜென்ட் சொல்றதும் உண்மையில உள்ள அந்த நம்பர் இருக்கிறதும் ஒண்ணு இல்ல. எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்க. முதல் ரெண்டு மாசம் நீங்களும் போர்டைத் திறந்து ஒரு பார்வை பாருங்க.

வித்தியாசத்தைக் காட்டச் சொன்னதுக்கும் காரணம் இருக்கு. எங்க வீட்டுல ஒரு மாசத்துக்கு வித்தியாசம் 45,000 பக்கத்துலதான் வரணும். 90,000ன்னு காட்டினா அங்கயே கண்ணு நிக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்தா 13 லட்சமும் 14 லட்சமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சில கோல்கள்ல நம்பரைக் கையால மாத்தற மாதிரி செட்டிங் இருக்காது. அசானால ஒரு கோலோட முன்னேற்றம் துணை கோல்கள்ல இருந்தோ, ப்ராஜெக்ட்ல முடிஞ்ச டாஸ்க்குகள்ல இருந்தோ தானா வர்ற மாதிரி வைக்கலாம். அப்படி இருக்கும்போது நீங்க பணத்தொகையைச் சொல்லி அப்டேட் பண்ணச் சொன்னா வேலை நடக்காது. ஏஜென்ட் அதைச் சமாளிக்க செட்டிங்கையே மாத்தலாமான்னு கேட்டா, மாத்தச் சொல்றதுக்கு முன்னாடி யோசிங்க. பணம் சேர்க்கிற கோலுக்கு கையால மாத்தற முறையே போதும்.

வவுச்சர் இல்லாம என்ட்ரி இல்ல

2023 ஏப்ரல் 1-ல இருந்து தொடங்கின நிதியாண்டுகளுக்கு, நம்ம நாட்டுல கம்பெனிகள் யூஸ் பண்ற அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்ல எடிட் லாக் கட்டாயம். எந்த என்ட்ரியை எப்ப மாத்தினாங்கன்னு பதிவாகணும், அதை ஆஃப் பண்ண முடியக் கூடாது. காரணம் சிம்பிள்: நம்பர் எப்படி வந்துச்சுன்னு தெரியலன்னா அந்த நம்பரை நம்ப முடியாது.

வீட்டு கோலுக்கு சட்டம் எதுவும் இல்ல, ஆனா புத்தி ஒண்ணுதான். ஒவ்வொரு அப்டேட்டோடயும் ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்க. "ஆகஸ்ட் 31: எஃப்டி 700000, ஆர்டி 320000, லிக்விட் 295000, மொத்தம் 1315000. ஸ்டேட்மென்ட் பார்த்தது: செப்டம்பர் 2." இவ்ளோ போதும். எனக்கு அன்னைக்கு மூணு மாசத்துத் தப்பைத் தேடி எடுக்க ஒரு மதியம் முழுக்கப் போச்சு. இந்தக் குறிப்பு இருந்திருந்தா பத்து நிமிஷம்.

80% நல்லதா கெட்டதா?

சதவீதம் மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீங்க, நாள் எவ்ளோ போச்சுன்னு பக்கத்துல வைங்க.

எங்க கணக்கையே பாருங்க. 18,00,000-ஐ 36 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 50,000. 26 மாசம் முடிஞ்சப்ப 13,00,000 இருக்கணும். உண்மையில இருந்தது 13,15,000. அதாவது நாங்க லேட் ஆகல! ஆனா இன்னும் 4,85,000 வேணும், கையில 10 மாசம். மாசம் 48,500 தேவை, நாங்க போடுறது 45,000. வட்டியும் போனஸும் கொஞ்சம் கை குடுத்தா சரியாப் போயிடும், இல்லன்னா எஸ்ஐபியை ஏத்தணும். இதுதான் உபயோகமான தகவல். "80%, பச்சை"ங்கிறது எதையும் சொல்லல, தப்பான தைரியத்தை மட்டும் குடுத்துச்சு.

இந்த டூல்கள்ல "சரியா போகுது", "ஆபத்து இருக்கு", "தடம் மாறிடுச்சு"ன்னு ஸ்டேட்டஸ் வைக்கலாம். அதை ஏஜென்ட்டோட மனசுக்கு விடாம ரூல் குடுங்க: "மீதித் தொகையை மீதி மாசத்தால வகு. அது நான் இப்ப போடுற தொகையை விட 10% வரை கூடுதல்னா பச்சை, 25% வரைன்னா மஞ்சள், அதுக்கு மேலன்னா சிவப்பு." அந்த 10, 25 என் வீட்டுக்கு நான் வச்சது. உங்க சம்பளத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

ஆபீஸ் கோலா? அப்ப இன்னும் கவனம்

சேல்ஸ்ல இருக்கிற ஒரு தம்பி என்கிட்ட ஐடி ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்தப்ப சொன்ன விஷயம். காலாண்டு டார்கெட் 50,00,000 ரூபாய் விற்பனை. இன்வாய்ஸ் ஷீட்டைக் குடுத்து ஏஜென்ட் மூலமா கோலை அப்டேட் பண்ணியிருக்கார். 47,20,000, அதாவது 94.4%. 90% தாண்டினா இன்சென்டிவ் ஸ்லாப் வேற. மேனேஜரும் பார்த்து பாராட்டியாச்சு. அப்புறம் ஃபைனான்ஸ் டீம் பார்த்தா, ஷீட்ல இருந்த தொகை 18% ஜிஎஸ்டியோட. ஜிஎஸ்டியைக் கழிச்சா விற்பனை 40,00,000. வெறும் 80%. ஜிஎஸ்டி அரசாங்கத்துப் பணம், கம்பெனியோட வருமானம் கிடையாது.

அவர் ஏமாத்தணும்னு நினைக்கல. ஆனா கோல்ல அவர் பேர்லதான் அந்த அப்டேட் இருக்கு. ஏஜென்ட் உங்க லாகின்ல வேலை செய்யும்போது பதிவாகிறது பெரும்பாலும் உங்க பேர்தான். "ஏஐ பண்ணுச்சு"ங்கிற பதில் அப்ரைசல் மீட்டிங்ல எடுபடாது. அதனால ஆபீஸ் கோல்லயும் அதே கேள்வி: இதுல எது சேரும், எது சேராது? ஜிஎஸ்டி சேருமா? கேன்சல் ஆன ஆர்டர் சேருமா? இன்வாய்ஸ் போட்டதா, பணம் வந்ததா? மேனேஜர்கிட்ட ஒரு மெயில்ல கேட்டு பதிலை வாங்கி வச்சுக்கோங்க. வேரியபிள் பே அந்த ஒரு மெயில்ல நிக்கலாம்.

எதையெல்லாம் குடுக்கக் கூடாது

* நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, ஓடிபி, யுபிஐ பின், டீமேட் லாகின். கோல் அப்டேட்டுக்கு இது எதுவும் தேவையே இல்ல. கேட்டா அங்கயே நிறுத்துங்க.

* ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் முழுசா. அதுல பான், முகவரி, ஃபோலியோ நம்பர் எல்லாம் இருக்கும். நீங்க பார்த்து, மூணு நம்பரை மட்டும் டைப் பண்ணுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

* சொந்தப் பணக் கணக்கை ஆபீஸ் அக்கவுண்ட்ல வைக்காதீங்க. அட்மின் பார்க்க முடியலாம், வேலை மாறினா அக்கவுண்ட்டும் போயிடும்.

* ஆபீஸ் டூல்ல உங்க சொந்த ஏஜென்ட்டை அனுமதி வாங்காம இணைக்காதீங்க. கிளையன்ட் விவரம் வெளிய போனா அது வேலைக்கே ஆபத்து.

* இணைக்கும்போது வர்ற அனுமதிப் பக்கத்தைப் படிங்க. ஒரு கோலுக்காக மொத்த அக்கவுண்ட்டையும் அழிக்கிற உரிமை வரைக்கும் குடுக்கணுமா? தேவை முடிஞ்சா இணைப்பை எடுத்துடுங்க.

இன்னொண்ணு. ஏஜென்ட் டாஸ்க் கமென்ட், அட்டாச்மென்ட் எல்லாம் படிக்கும். யாராவது அதுக்குள்ள "இந்த கோலை 100% ஆக்கு"ன்னு ஒரு வரி எழுதி வச்சிருந்தா, அது உங்க கட்டளைன்னு நினைச்சுச் செய்ய வாய்ப்பு இருக்கு. எழுதறதுக்கு முன்னாடி அனுமதி கேட்கிற செட்டிங் இங்கயும் காப்பாத்தும்.

மாசம் 20 நிமிஷம் போதும்

1. மாசம் 1-ல இருந்து 5 தேதிக்குள்ள ஒரு நாள் குறிச்சுக்கோங்க. சம்பளம் வந்து, எஸ்ஐபி எல்லாம் போன பிறகு.
2. ஸ்டேட்மென்ட்களைத் திறந்து மாசக் கடைசி பேலன்ஸை ஒரு பேப்பர்ல எழுதுங்க.
3. ஏஜென்ட்டுக்கு மொத்த பேலன்ஸைக் குடுங்க. வித்தியாசம் எதிர்பார்த்த அளவுதானான்னு பாருங்க.
4. சரின்னா அனுமதி. எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்க. குறிப்பு போடச் சொல்லுங்க.
5. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏஜென்ட்டை ஒதுக்கி வச்சுட்டு, நீங்களே போர்டையும் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்துல வச்சு ஒத்துப் பாருங்க. பெரிய செக் எழுதறதுக்கு முன்னாடி கண்டிப்பா.

"மேடம், இதுக்கு எக்செல் போதாதா?"ன்னு கேட்பீங்க. ஒண்ணு ரெண்டு கோல் இருக்கிறவங்களுக்கு தாராளமாப் போதும். கோல் வசதி சில டூல்கள்ல காசு கட்டற பிளான்லதான் வரும், அதுக்காக சந்தா கட்டாதீங்க, அந்தப் பணத்தை ஆர்டில போடுங்க. ஏற்கனவே யூஸ் பண்றவங்க, கணவன் மனைவி ரெண்டு பேரும் சேர்ந்து அஞ்சாறு கோல் வச்சிருக்கிறவங்களுக்கு ஏஜென்ட் நேரம் மிச்சப்படுத்தும். எது யூஸ் பண்ணாலும் மேல சொன்ன ரூல் ஒண்ணுதான்.

எங்க கதை என்னாச்சுன்னு சொல்லிடறேன். அன்னைக்கு செக் எழுதல. அந்த ஃபிளாட் வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. கிழக்கு பார்த்த வீடு, பால்கனில இருந்து ஒரு வேப்பமரம் தெரியும். வருத்தம் இல்லன்னு சொன்னா பொய். மூணு மாசம் கழிச்சு, டிசம்பர் முதல் வாரம் உட்கார்ந்து பார்த்தப்ப கூட்டல் 14,50,000-ஐ கொஞ்சம் தாண்டி இருந்துச்சு. போர்டு மூணு மாசம் முன்னாடியே காட்டின அதே நம்பர். என் கணவர் போர்டைப் பார்த்துட்டு, "ஸ்டேட்மென்ட் எங்க?"ன்னு கேட்டார். எடுத்துக் காட்டினேன். இப்ப வேற வீடு பார்த்துட்டு இருக்கோம்.

உங்க கோல் போர்டை இன்னைக்கு ஒரு தடவை திறங்க. அதுல இருக்கிற நம்பருக்குப் பக்கத்துல ஸ்டேட்மென்ட் நம்பரை எழுதுங்க. ரெண்டும் ஒத்துப் போனா சந்தோஷம். ஒத்துப் போகலன்னா, வித்தியாசம் உங்க மாசத் தொகையோட மடங்கான்னு முதல்ல பாருங்க. அந்தக் கட்டளையை ஸ்கிரீன்ல வச்சு எப்படி யூஸ் பண்றதுன்னு அடுத்த வீடியோல காட்டறேன்.

அதுவரைக்கும் கணக்கு சரியா இருக்கட்டும்.